அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் சலுகை மசோதாவுக்கு எவ்ளோ செலவாகும்னு எப்படி கணக்கு போடறாங்க? நச்சுப் புகை, கெமிக்கலால பாதிக்கப்பட்ட முன்னாள் ராணுவத்தினருக்கான 2022 பாக்ட் சட்டத்துல அந்த 40,000 கோடி டாலர் சண்டை எதுக்கு?

எத்தனை பேர் வந்து கேப்பாங்க, பணம் எந்தக் கணக்குல இருந்து போகும், இந்த ரெண்டும் தெரிஞ்சா உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் கிடைச்சுடும். நான் இங்க அமெரிக்கால தான் இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் ஈராக் போயிட்டு வந்தவர், 2022ல இந்த மசோதாவுக்காக செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) நேரலைய விடாம பார்த்துட்டு இருந்தாரு, அவர்கிட்ட பேசிப் பேசி தான் நானும் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன்.

கணக்கு போடறது காங்கிரஷனல் பட்ஜெட் ஆபீஸ், சுருக்கமா சிபிஓ. 1974 சட்டத்துல வந்தது, கட்சி சார்பில்லாதது. இப்ப இருக்கற சட்டப்படியே போனா அடுத்த 10 வருஷத்துக்கு எவ்ளோ ஆகும், மசோதா வந்தா எவ்ளோ ஆகும், அந்த வித்தியாசத்த தான் மசோதாவோட செலவுன்னு எழுதுவாங்க.

கஷ்டமான இடம் தலை எண்ணறது. ஈராக், ஆப்கானிஸ்தான்ல குப்பை, பிளாஸ்டிக், கெமிக்கல் எல்லாத்தையும் குழில கொட்டி எரிச்சாங்க, அந்தப் புகைய சுவாசிச்சவங்களுக்கு பின்னாடி கேன்சர், நுரையீரல் நோய்னு வந்துச்சு. ஆனா இந்த நோய் அந்தப் புகையால தான் வந்துச்சுன்னு ஒரு தனி ஆள் எப்படி நிரூபிப்பான்? பாக்ட் சட்டம் 20க்கு மேல நோய்கள லிஸ்ட் போட்டு, அங்க வேலை பார்த்திருந்தா போதும், நிரூபிக்க வேணாம்னு சொல்லிடுச்சு. வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவம் தெளிச்ச களைக்கொல்லி ஏஜென்ட் ஆரஞ்ச், அதுக்கான நோய் லிஸ்ட்ல பிபி கூட சேர்ந்துச்சு. வயசானவங்கள்ல பிபி இல்லாத ஆள் எத்தனை பேர்? அப்போ செலவு ஏகத்துக்கும் ஏறிடும்னு தான் தோணும், ஆனா அப்படியே ஏறாது, ஏன்னா இங்க ஊனத்த கணக்கு போடற முறையே வேற.

50% ஒரு பாதிப்பு, 30% இன்னொன்னுன்னா கூட்டி 80% குடுக்க மாட்டாங்க. முதல்ல 50 போச்சு, மிச்சம் இருக்கற 50ல தான் 30%, அதாவது 15, ஆக மொத்தம் 65, அதை 70ஆ ரவுண்ட் பண்ணுவாங்க. ஏற்கனவே 90ல இருக்கறவருக்கு புதுசா ஒரு 10% சேர்ந்தா 91, அது திரும்ப 90 தான், ஒரு டாலர் கூட ஏறாது. 2022ல 100%க்கு குடும்பம் இல்லாத ஆளுக்கு மாசம் சுமார் 3,300 டாலர். அதனால நோய் எத்தனை பேருக்கு இருக்குன்னு மட்டும் பார்த்தா பத்தாது, அவங்க இப்ப எந்த சதவீதத்துல இருக்காங்க, எத்தனை பேர் அப்ளை பண்ணுவாங்க, எத்தனை பேருக்கு கிடைக்கும், ஆபீஸ்ல ஃபைல் நகர எவ்ளோ நாளாகும், இறந்துட்டா மனைவிக்கு என்ன, இதெல்லாம் ஒவ்வொண்ணா அனுமானிக்கணும். இப்படி போட்டு தான் அரசு பட்ஜெட் பற்றாக்குறை 10 வருஷத்துல சுமார் 27,700 கோடி டாலர் கூடும்னு சிபிஓ சொல்லுச்சு.

40,000 கோடி இதுக்கு மேல வர்ற செலவு இல்ல, பல பேர் குழம்பறது இங்க தான். ஊன உதவித்தொகை கட்டாயச் செலவு, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வருஷா வருஷம் பணம் ஒதுக்கினாலும், யாருக்கு எவ்ளோன்னு சட்டம் தான் முடிவு பண்ணும், தகுதி இருந்தா குடுத்தே ஆகணும். ஆஸ்பத்திரி செலவு அப்படி இல்ல, எவ்ளோன்னு ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ் தான் முடிவு பண்ணி ஒதுக்கணும். பாக்ட் சட்டம் ஒரு தனி நிதிய உருவாக்கி, இந்த நச்சு பாதிப்பு சம்பந்தப்பட்ட சிகிச்சை செலவ கட்டாயச் செலவு பக்கத்துக்கு மாத்துச்சு. பென்சில்வேனியா செனட்டர் பாட் டூமி என்ன சொன்னாருன்னா, எப்படியும் வருஷாந்திர ஒதுக்கீட்டுல செஞ்சிருக்க வேண்டிய செலவையும் சேர்த்து இங்க தள்ளறீங்க, அங்க காலியாகற 40,000 கோடி இடத்துல சம்பந்தமே இல்லாத செலவ கொண்டு வந்து நிரப்புவீங்கன்னு. கணக்கா பார்த்தா அவர் கேட்டது நியாயமான கேள்வி தான், நான் மறுக்கல. ஆனா ஜூன்ல 84-14னு பாஸான மசோதா திருத்தத்துக்காக திரும்ப வந்தப்போ, ஜூலை 27 அன்னிக்கு 55-42னு நின்னு போச்சு, விவாதத்த முடிச்சு வைக்க 60 ஓட்டு வேணும். ஆக்சிஜன் டியூபோட இருக்கறவங்கள காக்க வெச்சு இந்த சண்டைய போட்டது எனக்கு இன்னிக்கும் ஆறல. ஆகஸ்ட் 2ல 86-11னு பாஸாச்சு, 10ஆம் தேதி பைடன் கையெழுத்து போட்டாரு.

இன்னொரு விஷயம், செலவ ஈடு கட்ட பணம் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. 2019ல வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்க கடற்படைக்காரங்களுக்காக ஒரு சட்டம் வந்துச்சு, அதுக்கு பணம் முன்னாள் ராணுவத்தினரோட வீட்டுக்கடன் கட்டணத்த ஏத்தி எடுத்தாங்க, முன்பணம் இல்லாம முதல் தடவை வாங்கறவங்களுக்கு 2.15%ல இருந்து 2.3%. ஒரு தலைமுறை வீரனுக்கான செலவ அடுத்த தலைமுறை வீரன் கட்டறான், இது எனக்கு சுத்தமா பிடிக்கல.

அப்புறம் 10 வருஷம் என்ன, ஒரு வருஷ கணக்கே தப்பும். 2024ல உதவித்தொகைக்கு சுமார் 300 கோடி டாலர் பத்தலன்னு முன்னாள் ராணுவத்தினர் துறை அவசரமா கேட்டு, செப்டம்பர்ல காங்கிரஸும் குடுத்துச்சு, நிதியாண்டு முடிஞ்சு பார்த்தா அது தேவைப்படவே இல்ல, மிச்சம் இருந்துச்சு. அதனால சிபிஓ அறிக்கைல முதல் பக்கத்து டேபிளோட நிறுத்தாதீங்க, எத்தனை பேர் வருவாங்கன்னு எதை வெச்சு சொன்னாங்கன்னு உள்ள பத்தி பத்தியா எழுதியிருக்கும், அதை படிங்க.