பி.ஜி.யை விட்டுத் தனி வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. படிக்கிறேன். படிப்பு முடிய இன்னும் 10 மாதம். தாம்பரத்தில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) ஒன்றில் நான்கு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 8,500 ரூபாய். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை மாடி வீடு 6,500-க்கு புரோக்கர் மூலம் வந்திருக்கிறது. அட்வான்ஸ் 65,000, கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய். அங்கே போனால் மாலையில் ஆன்லைன் டியூஷன் எடுத்து 5,000 சம்பாதிக்கலாம். இங்கே இருக்கும் இரைச்சலில் முடியவில்லை. அப்பா 'வீண் செலவு' என்கிறார். போகலாமா?

பதில்: இப்போதிருக்கும் கணக்குப்படி அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் கணக்கை மாற்ற உங்களால் முடியும்.

வாடகை 2,000 குறைகிறது என்று மயங்காதீர்கள். நீங்களே சமைத்தாலும் மளிகை, காய்கறிக்கு 3,000 ஆகும். இண்டக்‌ஷன் அடுப்போடு கரண்ட் 100 யூனிட் என்றால் 800. கேன் தண்ணீர், வைஃபைக்கு 700. மொத்தம் 11,000, அதாவது மாதம் 2,500 கூடுதல். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங் என்று பிடிக்கும் ஒரு மாத வாடகை, மெத்தை, பாத்திரம், அடுப்புக்கு 7,000 என இன்னொரு 20,000 இருக்கிறது. மூன்று வருடம் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. உங்களுக்குப் பத்தே மாதம் என்பதால் மாதம் 2,000 விழுகிறது. அட்வான்ஸாக முடங்கும் 65,000-ஐ 7% டெபாசிட்டில் போட்டிருந்தால் வரும் வட்டி மாதம் சுமார் 380, அதுவும் இழப்புதான். ஆக, டியூஷன் பணத்தில் மிஞ்சுவது நூறு ரூபாய் சொச்சம்!

எனவே பேரம் பேசுங்கள். பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. கையெழுத்துப் போட்டபின் பேசிப் பயனில்லை. முன்பே 19,500-க்குக் கேளுங்கள். புரோக்கர் இல்லாமல் வேறு வீடு கிடைத்து, பெயின்டிங் பிடித்தமும் இல்லையென்றால் மாதம் 1,300 மிச்சம். தனி ஈ.பி. மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். ஓனரின் சப்-மீட்டரில் அது உங்கள் கைக்கு வராது.

டியூஷனைவிடப் பெரிய லாபம் ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. அறிவியல் மாணவி நீங்கள். அந்த அமைதியில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படித்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 கிடைக்கும். அதற்காகத்தான் தனியாகப் போகிறீர்கள் என்றால், மாதம் ஆயிரம் கூடுதலாகப் போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

அட்வான்ஸுக்காக லோன் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பணம் புரளவில்லை என்றால், இதே பி.ஜி.யில் இரண்டு பேர் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீடு அமைந்தால் அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் ஓனரின் வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் தொகையையும் திருப்பித் தரும் கெடுவையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.