38 வயசுல முதல் செஸ் போட்டி

வணக்கம் சார். எந்த வயசுக்காரங்களும் ஆடுற ஓபன் செஸ் டோர்னமென்ட்ல பேர் குடுத்தா பொடிசுங்ககிட்ட தோத்து மானம் போயிடுமோன்னு கேட்டிருக்கீங்க. தோப்பீங்க. என் முதல் ஆட்டத்துல எதிரே உட்கார்ந்த பையனுக்குக் கால் தரையில எட்டல. பிஸ்கட் தின்னுக்கிட்டே என் ராணியைத் தூக்கிட்டான்.

ஆனா இது தோத்தா மூட்டை கட்டுற நாக்-அவுட் இல்ல. பெரும்பாலும் ஸ்விஸ் முறைதான், 1895-ல சூரிச்ல தொடங்கினது. தோத்தாலும் அடுத்த சுற்று உண்டு, அதுவும் கிட்டத்தட்ட உங்க அளவு புள்ளி எடுத்தவரோட. ரெண்டு மூணு சுற்றுல நம்ம செட்டோட சேர்ந்துடுவோம்.

ஆன்லைன்ல ஆடிப் பழகினவங்க வழுக்குற இடம் ஒண்ணு: தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். காயை நேராக்கணும்னா முதல்ல வாயால சொல்லிட்டுத் தொடுங்க. செல்போனை ஹாலுக்குள்ள கொண்டு போகவே போகாதீங்க.

போட்டியே மனுஷனைக் கெடுக்குதுன்னு வீட்டுல சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. பாதி சரி. தோத்த புள்ளையை வாசல்லயே வெச்சுத் திட்டுற அப்பாக்களைப் பார்ப்பீங்க, வயிறு எரியும். உள்ளே கதை வேற. மூணாங்கிளாஸ் பையனும் ரிட்டயர்டு வாத்தியாரும் சமமா கைகுடுத்து உட்கார்ற இடம் வேற எங்க இருக்கு?

கடைசி நாள் வரைக்கும் யோசிச்சா லேட் ஃபீஸ் கேட்பாங்க. இன்னிக்கே கட்டிடுங்க.