தக்காளிக்கும் டூராண்ட் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: தாலிபானை வளர்த்ததே பாகிஸ்தான் என்பார்கள். பிறகு 2025 அக்டோபரில் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் ஏன் அப்படி மோதிக்கொண்டன?
- வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: பாகிஸ்தானில் குண்டு வைப்பவர்களுக்குக் காபூல் இடம் கொடுக்கிறது என்பது உடனடிப் புகார். ஆனால் இந்தப் பகை தாலிபானைவிட மூத்தது. ரஷ்யா இந்தியா பக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் 1893 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டூராண்ட் காபூல் போய், ஆப்கான் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானிடம் எல்லைக்கோட்டுக்குக் கையெழுத்து வாங்கினார். அதுதான் டூராண்ட் கோடு. பிரிட்டிஷ் இந்தியா அமீருக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த 12 லட்சம் ரூபாய் 18 லட்சமானது. பஷ்தூன் இன மக்களின் நடுவே கோடு விழுந்தது; அவர்களை யார் கேட்டார்கள்?

1947 வாக்கெடுப்பிலும் பஷ்தூன்கள் வாழ்ந்த வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்கு இந்தியாவா, பாகிஸ்தானா என்ற இரண்டே வழிதான். தனி பஷ்தூன் நாட்டையும் சேர்க்கச் சொன்ன 'எல்லை காந்தி' கான் அப்துல் கஃபார் கானின் ஆட்கள் புறக்கணித்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஐ.நா.வில் பாகிஸ்தானைச் சேர்க்கக் கூடாது என்று வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான்! எல்லை வாரிசு முறையில் எங்களுக்கு வந்தது என்றது பாகிஸ்தான். கையெழுத்து வாங்கியவனே போய்விட்டான், அப்புறம் என்ன ஒப்பந்தம் என்றது காபூல்.

தலைவர்களின் அறிக்கைகளைவிட எனக்கு லாரிகளைப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. ஆப்கானிஸ்தானுக்குக் கடல் இல்லை, அன்று பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகம்தான் முக்கிய வாசல். 1961-ல் உறவு முறிந்து எல்லை மூடியபோது திராட்சையும் மாதுளையும் தேங்கின. சோவியத் யூனியன் வாங்கி விமானத்தில் ஏற்றிக்கொண்டது, கொஞ்சம் இந்தியாவுக்கும் பறந்து வந்தது. காபூல் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டுமா? 1963-ல் ஈரான் ஷா சமரசம் செய்த பிறகுதான் பாதை திறந்தது. 2025-ல் தோர்க்கம், சமன் எல்லை வாயில்கள் மூடி ஆப்கானிஸ்தான் வரத்து நின்றதும் பாகிஸ்தான் சந்தைகளில் தக்காளி விலை எகிறியது.

தாலிபானுக்கு வருவோம். 1996-ல் காபூலைப் பிடித்தபோதும் அவர்கள் டூராண்ட் கோட்டை எல்லையாக ஏற்கவில்லை. 2017 முதல் பாகிஸ்தான் அந்தக் கோட்டில் போட்ட வேலியை, மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் 2021 கடைசியில் சில இடங்களில் பிடுங்கவும் செய்தார்கள்.

கேள்வி: அப்படியானால் கோட்டை மாற்றி வரைவதுதானே நியாயம்?
- அதே வாசகர்

பதில்: எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆப்கானிஸ்தானின் வட எல்லையும் ரஷ்யாவும் பிரிட்டனும் பேசி முடித்ததுதான். தாஜிக்குகளும் உஸ்பெக்குகளும் அங்கே இருபுறமும் வாழ்கிறார்கள். அந்தக் கோட்டைப் பற்றிக் காபூல் மூச்சுக்கூட விடுவதில்லை.