அம்மாவின் நகையை அடகு வைத்துப் பயிற்சியில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கோவையில் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷின்) ஆபரேட்டராக மாதம் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். ஒரு நிறுவனம் 1,80,000 ரூபாய் கட்டணத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) பயிற்சி தந்து, முடித்ததும் வேலை என்கிறது. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டுவதா, அவர்கள் சொல்லும் 18 மாத வட்டியில்லாத் தவணையில் சேர்வதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மேலே படிக்க நினைப்பது மிகச் சரி. அதைக் கடனில் தொடங்குவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

வட்டியில்லாத் தவணை என்பது பெரும்பாலும் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடனே. பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடுவதால், இரண்டாம் மாதமே நீங்கள் விலகினாலும் மாதம் 10,000 ரூபாய்த் தவணை நிற்காது. கட்டத் தவறினால், அடுத்த கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிபடும். ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படியுங்கள்: விளம்பரத்தில் 'வேலை நிச்சயம்' என்று இருப்பது, கையெழுத்திடும் தாளில் 'வேலை தேட உதவி' என்று சுருங்கியிருக்கலாம்.

புதிய வேலையில் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும், கட்டணத்தை மீட்க 30 மாதங்கள் ஆகும். அங்கே நீங்கள் அனுபவமில்லாத புதியவராகவே நுழைவீர்கள் என்பதால், அந்த 6,000 ரூபாயும் உறுதியில்லை. மாறாக, புரோகிராமர் எழுதித் தருவதை ஓட்டி, ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தம்) மட்டும் மாற்றும் ஆபரேட்டர், சிஎன்சி புரோகிராமிங்கும், வரைபடத்திலிருந்து மெஷினுக்கான புரோகிராமை உருவாக்கும் கேம் (CAM) மென்பொருளும் கற்றால், இத்தனை ஆண்டு மெஷின் அனுபவம் வீணாகாமல், மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராகவோ புரோகிராமராகவோ உயர வழியிருக்கிறது. எதைக் கற்றால் சம்பளம் கூடும் என்று உங்கள் சூப்பர்வைசரிடமும் பக்கத்துப் பட்டறைகளிலும் முதலில் விசாரியுங்கள்.

டேட்டா துறையில்தான் மனம் நிற்கிறதென்றால், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணையத்தில் நடத்தும் என்பிடெல் (NPTEL) பாடங்களை இலவசமாகப் படித்து, சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுதலாம். ஒரு பாடத்தை வேலைக்குப் போய்க்கொண்டே முடிக்க முடிகிறதா என்று பார்த்தாலே, இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். 2022-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் பாருங்கள்.

நகை, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உதவும் கையிருப்பு, அதைத் தொடாதீர்கள். மாதம் 3,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு வந்தால் ஓராண்டில் 36,000 ரூபாயும் வட்டியும் சேரும். கட்டணப் பயிற்சி தேவைப்பட்டால், அந்தத் தொகைக்குள் அடங்குவதையே தேர்ந்தெடுங்கள்.