"ஒரிஜினலா?" என்று கேட்டால் என்ன சொல்வது? காப்பி வாட்ச் கேள்விகளுக்கு என் பதில்கள்

அப்பாவிடம் தொழில் கற்று, இருபத்திரண்டு வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். காப்பி வாட்ச் கட்டியிருப்பவரிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். நான் நாலு வரி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். எங்கே காப்பி கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி (சென்னை): நண்பன் பாங்காக் போய் வரும்போது ரோலெக்ஸ் சப்மரைனர் காப்பி ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். ஆபீஸில் ஆளாளுக்கு "ஒரிஜினலா?" என்கிறார்கள். சிரித்து மழுப்புகிறேன். என்ன சொல்லலாம் அண்ணா?

"இல்லப்பா, காப்பிதான். ஃப்ரெண்ட் வாங்கிக் கொடுத்தான்." அவ்வளவுதான். மணி என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அதே குரலில் சொல்லுங்கள். நீங்கள் மழுப்பும்போதே கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது, அப்புறம் அவர் நினைப்பது வாட்சைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி.

"ஆமா, ஒரிஜினல்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்து சொல்ல வேண்டும். எங்கே வாங்கினது, எவ்வளவு, பில் இருக்கிறதா என்று வரும். உண்மையிலேயே ஒன்று வைத்திருப்பவர் எதிரில் உட்கார்ந்தால் "என்ன மாடல் நம்பர், கொஞ்சம் கழற்றிக் கொடுங்களேன்" என்பார். கையில் வாங்கி, பக்கவாட்டில் இருக்கும் சாவியை ஒரு சுற்றுச் சுற்றினாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

என்னிடம் வரும் ஒருவர் மச்சானிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். ஒரு வருடம் கழித்து மாமியாருக்கு ஆபரேஷன், பணம் புரட்ட வேண்டிய நேரம். "என்கிட்ட இப்போ கையில் இல்லை மச்சான்" என்றிருக்கிறார். "கையில லட்சக்கணக்கில் கட்டிக்கிட்டு இல்லைங்கிறீங்களே, அதை வித்தாலே போதுமே" என்று மச்சான் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? கடைக்கு வந்து, "இது காப்பின்னு ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி (கோவை): என் வாட்ச் ஒரிஜினலா இல்லையா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

சப்மரைனர் என்று வைத்துக்கொள்வோம். தேதி மேல் இருக்கும் குமிழ் கண்ணாடி எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மலிவான காப்பியில் அவ்வளவு பெரிதாகாது, எண்ணும் நடுவில் உட்காராது. நொடி முள் செல் வாட்ச் மாதிரி நொடிக்கு ஒரு தடவை குதித்தால் காப்பிதான், சந்தேகமே வேண்டாம். ஒரிஜினல் மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு, அதனால் முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். ஆனால் இப்போது வரும் நல்ல காப்பிகளும் அதே 28,800 மெஷினோடு வருகின்றன. முள் வழுக்குகிறது என்பதற்காக ஒரிஜினல் என்று முடிவு கட்டாதீர்கள். கடைசியில் பின்மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும், அதை வீட்டில் செய்யாதீர்கள்.

கேள்வி (திருச்சி): போட்டோ அனுப்புகிறேன், ஒரிஜினலா சொல்லுங்கள் சார்.

போட்டோ பார்த்துச் சொல்ல மாட்டேன். மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): டயலில் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. காப்பிதான், ஆனால் குளிக்கும்போது கட்டலாம் இல்லையா?

கூடாது. தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

ஒரு டிசம்பர் மழையில் நனைந்த காப்பி ஒன்று என் மேஜைக்கு வந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து டயலே தெரியவில்லை. திறந்தால், பின்மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. சாவியை மெஷினோடு இணைக்கும் தண்டு காவி நிறத்தில் துருப்பிடித்துச் சாவியோடு கையில் வந்துவிட்டது. ஒரிஜினல் சப்மரைனரின் சாவி முனையில் ரோலெக்ஸின் கிரீட முத்திரைக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்கும், தண்ணீரை மறிக்கும் டிரிப்லாக் அடைப்பு உள்ளே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இந்தக் காப்பியிலும் மூன்று புள்ளிகள் அழகாகக் குத்தியிருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரே ஒரு வளையம், அதுவும் காய்ந்து வெடித்தது. டயலில் இருக்கும் எழுத்தை நம்பி நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி (மதுரை): காப்பி கட்டுவது சட்டப்படி குற்றமா?

இந்தியாவில் 1999ஆம் வருட வர்த்தகக் குறிச் சட்டம் போலி பெயர் போட்டுத் தயாரிப்பவனையும் விற்பவனையும்தான் பிடிக்கிறது. பிரிவு 103, 104. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கட்டியிருப்பவரைத் தண்டிக்க அதில் எதுவும் இல்லை. ஆனால் வெளிநாடு போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இத்தாலியில் போலியை வாங்கியவருக்கே 300 முதல் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2008 ஜூலையிலிருந்து, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோனாலும் கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்ளலாம்.

கேள்வி (சேலம்): சலித்துவிட்டது. காப்பி என்று சொல்லியே விற்றுவிடலாமா?

விற்பவனைப் பிடிக்கும் பிரிவு 104 என்று இப்போதுதான் எழுதினேன். விற்காதீர்கள். நீங்கள் "காப்பி" என்று சொல்லி விற்பீர்கள், வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்ல மாட்டார். அடகும் வைக்காதீர்கள், கல்யாணத்துக்குப் பரிசாகவும் கொடுக்காதீர்கள். உங்கள் கையோடு போகட்டும்.

கேள்வி (கடலூர், ஒரு சகோதரி): நாங்கள் சிதம்பரம் கவரிங் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோம். எங்களை யாரும் ஏமாற்றுக்காரி என்பதில்லை. ஆண்கள் காப்பி வாட்ச் கட்டினால் மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கவரிங் கடை வாசலில் கவரிங் என்றுதான் போர்டு மாட்டியிருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கியாரண்டி சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் யாரும் 916 முத்திரை குத்துவதில்லை. ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எண்ணும் குத்திக் கவரிங் விற்றால் அவனை என்ன சொல்வோம்? காப்பி வாட்சில் நடப்பது அதுதான். டயலில் கிரீடம், "சுவிஸ் மேட்" என்ற எழுத்து, உள் வளையத்தில் சீரியல் நம்பர் எல்லாமே ஹால்மார்க் குத்திய கவரிங். பளபளப்பு மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, முத்திரை மேல்தான்.

கேள்வி (திருப்பூர்): கவரிங்கிலும் பெரிய நகைக்கடை டிசைனைத்தானே அடிக்கிறார்கள். டிசைனைத் திருடினால் சரி, பெயரைத் திருடினால்தான் தப்பா?

சுற்றும் வளையம் வைத்த டைவிங் வாட்ச் ஒருத்தருக்குச் சொந்தமில்லை. 1953இலேயே பிளாங்பான் கம்பெனி ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்று ஒன்று கொண்டுவந்தது, சப்மரைனரும் அதே காலம்தான். அதற்கப்புறம் சீகோ முதல் எத்தனையோ பேர் அந்த உருவத்தில் தங்கள் பெயர் போட்டு விற்கிறார்கள். இதையே அப்படியே ஒட்டிச் செய்தால் ஹோமேஜ் என்பார்கள். எனக்கு அது பெரிதாகப் பிடிக்காது, ஆனால் அதில் பொய் இல்லை. "இது என்ன வாட்ச்?" என்றால் டயலில் இருக்கும் பெயரைப் படித்துக் காட்டிவிடலாம்.

கேள்வி (அதே கடலூர் சகோதரி): முத்திரை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டால் எப்படிச் சொல்வது என்பதற்கு என் அத்தையைப் பாருங்கள். "எத்தனை பவுன் அக்கா?" என்று கேட்டால், "கவரிங்தான்டி, தெற்கு வீதியில் வாங்கினேன், நல்லா இருக்கா?" என்று கையை நீட்டிக் காட்டுவார்.

அம்மா, நான் சென்னைத் தம்பிக்குப் பத்து வரி எழுதியதை உங்கள் அத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார். கையை நீட்டிக் காட்டுகிறார் பாருங்கள், அதுதான் முக்கியம். காப்பி கட்டியவர்கள் கேள்வி வந்ததும் சட்டைக் கையை இழுத்து மூடுகிறார்கள். தம்பி, இதையே வைத்துக்கொள்ளுங்கள்: "காப்பிதான், நல்லா இருக்கா?"

கேள்வி (பெங்களூரு): லட்சக்கணக்கில் விலை வைப்பதே கொள்ளை. அவர்களைக் காப்பியடிப்பதில் என்ன பாவம்?

விலை அதிகம் என்றால் வாங்காமல் இருக்கலாம். நானும் வாங்கியதில்லை. ஆனால் அந்த மெஷினைத் திறந்து பார்த்தவன் நான். நாளுக்கு இரண்டு நொடிக்கு மேல் முன்பின் போகாமல் ஓட வைப்பதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் பெயரை இன்னொருவன் குத்தி விற்பதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. கம்பெனி பணக்காரக் கம்பெனியா என்பது வேறு பேச்சு. இதோடு இந்த வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாமக்கல்): என் ராயல் ஓக்கில் எட்டு ஸ்க்ரூவில் ஒன்று மட்டும் கோணலாக இருக்கிறது. ஒரிஜினலா?

இது மூன்றாவது "ஒரிஜினலா". ஆனாலும் ஸ்க்ரூ விஷயம் சுவாரசியமானது என்பதால் சொல்கிறேன். ஓடமார் பிகே கம்பெனியின் ராயல் ஓக்கில் எட்டு ஸ்க்ரூவின் கோடுகளும் வளையத்தின் ஓட்டத்தோடு ஒரே சீராகப் படுத்திருக்கும். ஒன்று கோணலாக இருந்தால் காப்பியாக இருக்கலாம், அல்லது யாரோ தெரியாமல் திறந்திருக்கலாம். ஹூப்லோ கம்பெனியின் பிக் பேங்கில் ஒரிஜினலிலேயே ஸ்க்ரூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (வேலூர்): என் ஸ்மார்ட் வாட்சில் ஹார்ட் ரேட் தப்பாகக் காட்டுகிறது.

மொபைல் சர்வீஸ் கடையில் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் நண்பன் காப்பியைக் கட்டிக்கொண்டு ஒரிஜினல் என்று அளக்கிறான். நாலு பேர் முன்னால் உண்மையை உடைத்துவிடலாமா?

வேண்டாம். தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். பெண் வீட்டார், பணம் போடுகிறவர் யாரிடமாவது அதைக் காட்டி நம்பிக்கை வாங்குகிறான் என்றால் மட்டும், சம்பந்தப்பட்டவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): காப்பிக்குக் கொடுக்கும் எட்டாயிரம், பத்தாயிரத்தில் யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லும்படி என்ன வாங்கலாம்?

ஓசூரிலிருந்து இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில்தான் டைட்டன் தொழிற்சாலை இருக்கிறது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கம்பெனி. இவர்களின் எட்ஜ் வாட்ச் மூன்றரை மில்லிமீட்டர் கனம்தான். அது உங்கள் கணக்குக்கு மேலே போகலாம், ஆனால் கீழே எவ்வளவோ இருக்கின்றன.

எனக்கு ஆசை என்று கேட்டால், பழைய எச்எம்டி ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச், மெஷினுக்குள் தேய்மானத்தைக் குறைக்க 17 கல். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை வந்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு வாட்ச் பிரிவை மூட முடிவெடுத்துவிட்டது. காலையில் எழுந்ததும் சாவி கொடுத்துக் காதில் வைத்தால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பாவின் மேஜையில் நான் முதலில் கேட்ட சத்தம் அது. ஆனால் கவனம். பழைய டயலுக்கு மேல் புதுப் பெயின்ட் அடித்து, கலர் கலராகப் பழைய எச்எம்டி என்று நிறைய விற்கிறார்கள். எழுத்து தடித்துப் பிசிறடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அதையும் ஒரிஜினல் டயல் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், விற்காதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): கல்யாணத்தில் மாமனார் போட்ட ஒமேகா. இரண்டு வருடம் கழித்து சர்வீஸுக்குக் கொடுத்தபோது காப்பி என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரிஜினல் என்றுதான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

இன்றைக்கு வந்ததில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். இங்கே பொய் சொன்னது நீங்கள் இல்லை, பெரும்பாலும் உங்கள் மாமனாரும் இல்லை.

சொந்தக்காரர்கள் கேட்டால், "மாமா போட்டது" என்று சொல்லுங்கள். அது உண்மை. ஒரிஜினலா, விலை என்ன என்று மேலே கேட்டால், "விலையெல்லாம் நான் கேட்கலை" என்று விட்டுவிடலாம், அதுவும் உண்மைதான். ஒரிஜினல் என்று உங்கள் வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனால் மாமனாரிடம் சொல்லத்தான் வேண்டும். ஒரிஜினல் விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவர் பணம் போயிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வழி அவருக்கு மட்டுமே உண்டு. முதலில் மனைவியிடம் பேசுங்கள். அப்புறம் ஒரு நாள் அவர் தனியாக இருக்கும்போது, அவர் பெண்ணையே விட்டு, "அப்பா, அந்த வாட்ச் பில் இருக்கா, சர்வீஸில் கேட்கிறாங்க" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பில் எடுத்துக் கொடுத்தால் விஷயத்தைச் சொல்லி, சர்வீஸில் சொன்னதை எழுத்தில் வாங்கி, இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் கடைக்குப் போங்கள். பில் இல்லை, யாரோ தெரிந்தவர் மூலம் வந்தது என்று சொன்னாலும் விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிடுங்கள், ஆனால் அந்தத் தெரிந்தவர் யார் என்று தோண்டாதீர்கள்.

காப்பி என்பதால் அந்தச் சர்வீஸ் கடையில் வாட்சைச் சர்வீஸ் செய்து தர மாட்டார்கள். காரைக்குடியிலிருந்து வர முடிந்தால் கொண்டு வாருங்கள். மெஷின் என்னது என்று பார்த்து, எண்ணெய் போட்டு, புது வாஷர் மாற்றித் தருகிறேன். அப்படியும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.