எறும்பளவு மனிதர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் நிலக்காட்சி அச்சோவியங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவற்றில் உழைப்பவர்கள் எறும்பளவே இருக்கிறார்கள். தூண்டில் போடுபவர்களும் காதலர்களும்தான் கண்ணில் படுகிறார்கள். உழவரின் பாட்டை டச்சு ஓவியர்கள் பொருட்படுத்தவில்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். 1643-இல் வந்த 'மூன்று மரங்கள்' ஏறத்தாழ 28 செ.மீ. அகலமே உள்ள தாள். மரங்களையும், இடது மூலையில் சாய்ந்திறங்கும் மழைக்கோடுகளையும் பார்த்துவிட்டு நகர்ந்தால் நீங்கள் சொல்வதே சரி. உருப்பெருக்கியோடு உட்கார்ந்தால் நீரோரத்தில் தூண்டில்காரர், அருகே ஒரு பெண், மேட்டின் விளிம்பில் ஆட்கள் ஏறிய வண்டி, நடுவெளியில் மாடுகளும் மனிதர்களும் ஒவ்வொருவராகத் தெளிந்து வருவார்கள்.

இவர்களைவிட முக்கியமானது இவர்கள் நிற்கும் தட்டையான வெளி. ஹாலந்தில் அப்படிப்பட்ட வெளியில் பெரும்பகுதி, கரை கட்டி, கால்வாய் வெட்டி, அந்நாளில் காற்றாலைகளால் இடைவிடாமல் நீரை இறைத்துக் காப்பாற்றப்பட்ட நிலம். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருந்த பேம்ஸ்டர் ஏரியை 40-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் இறைத்து, 1612-இல் வயலாக்கின. எனவே அந்த ஓவியங்களில் தொடுவானத்தையொட்டி ஓடும் மெல்லிய கிடைக்கோட்டை நான் இயற்கைக் காட்சியாக மட்டும் பார்ப்பதில்லை. பல தலைமுறைகளின் மண்வெட்டி வேலை அதில் இருக்கிறது.

மனிதர்களை இவ்வளவு சிறிதாக வரைய முடிந்ததில் கருவிக்கும் பங்குண்டு. அச்சோவியம் என்பது செப்புத்தகட்டில் பள்ளமாக்கிய கோடுகளில் மை நிரப்பித் தாளில் ஒற்றி எடுப்பது. உளியால் செப்புத்தகட்டைக் கீறுபவர், உலோகத்தின் எதிர்ப்பை மீறி ஒவ்வொரு கோட்டையும் தள்ளியாக வேண்டும். ரெம்ப்ராண்ட் கையாண்ட அமில முறையிலோ, தகட்டின் மெழுகுப் பூச்சின்மேல் ஊசி எழுதுகோல்போல ஓடுகிறது. செம்பை அரிக்கும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்கிறது. ஆம்ஸ்டெல் நதிக்கரையைக் காட்டும் 1645-ஆம் ஆண்டின் 'ஒம்வால்' படத்தில், அகன்ற தொப்பியோடு நமக்கு முதுகைக் காட்டி நிற்பவர் சில கீறல்களில் உயிர் பெற்றுவிடுவது அதனால்தான்.

உழைப்பை அருகில் பார்க்க விரும்பினால் ஹார்லெம் நகரத்து ஓவியர் ஆட்ரியான் ஃபன் ஓஸ்டாடேயிடம் போங்கள். 1652-இல் அவர் செய்த படத்தில், வீட்டு வாசலில் ஒரு பெண் நூல் நூற்கிறாள். பக்கத்தில் பன்றிகள் படுத்துக் கிடக்கின்றன. இன்னொரு டச்சு ஓவியர் யான் லைகன் தன் மகனோடு சேர்ந்து 1694-இல் வெளியிட்ட நூறு தொழில்களின் படங்களும் உண்டு. கருவிகளை அறிய அவை அருமையானவை. ஆனால் ஒவ்வொரு படத்தோடும் அறம் சொல்லும் செய்யுள் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சற்று அலுப்பூட்டும். ஓஸ்டாடேயின் பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் பாட்டுக்கு நூற்றுக்கொண்டிருக்கிறாள்.