அந்தத் தணல் சட்டியை முதலில் வெளியே வையுங்கள்

கேள்வி: குன்னூரில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. தகரக் கூரை, பலகைத் தரை, பெரிய அறையில் வெள்ளைக்காரன் கட்டிய கணப்பு. எலி வருகிறதென்று கணப்பைப் பலகை அடித்து மூடிவிட்டோம். போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். கார்த்திகை கடைசியிலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. ராத்திரி கூரைக்கு அடியில் யாரோ நடக்கிறார்கள். கட்டில் கால்மாட்டில் அப்பா வந்து நிற்கிறார் என்கிறார் அம்மா. எனக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது போல விழிப்பு வருகிறது, கை கால் அசையமாட்டேன் என்கிறது. காலையில் எல்லாருக்கும் தலைவலி, அண்ணன் குழந்தைகளுக்கு வாந்தி. கூண்டில் வளர்த்த லவ் பேர்ட்ஸ் இரண்டும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. மேட்டுப்பாளையம் அத்தை வீட்டுக்குப் போனால் ஒரே நாளில் தெளிந்துவிடுகிறோம், திரும்பி வந்தால் மறுபடி ஆரம்பம். ஒரு சாமியார் 60,000 ரூபாய் கேட்கிறார், ராத்திரியில் எல்லாச் சன்னலையும் அடைத்து 48 நாள் சாம்பிராணி போடச் சொல்கிறார். அண்ணன் வீட்டை விற்கச் சொல்கிறார். குளிருக்காக இப்போது அம்மா அறையிலேயே எல்லாரும் தணல் சட்டி வைத்துக்கொண்டு படுக்கிறோம். அப்பா இருந்தவரை படுக்கும்முன் சட்டியை அவர் தூக்கி வெளியே வைத்துவிடுவார், இப்போது அம்மா விடமாட்டேன் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வெளியிட வேண்டாம், குன்னூர்

பதில்: உங்கள் கடிதம் முழுக்கப் பேயைப் பற்றி இருக்கிறது. சட்டியைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி. எனக்கு அடிவயிறு கலங்கியது அந்த இரண்டு வரியில்தான். படித்த அன்றே உங்களுக்குப் போன் செய்து, இன்று ராத்திரியே சட்டியை வெளியே வையுங்கள், கணப்புப் பலகையைப் பிடுங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். இங்கே மறுபடி எழுதுவது, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இதேபோல் தணலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிற மற்ற வீடுகளுக்காக.

நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். அப்பா போனது ஆடியில், தொல்லை வந்தது கார்த்திகை கடைசியில். நடுவே நாலு மாதம் வீடு சும்மாதான் இருந்தது. கார்த்திகையில் என்ன மாறியது? பனி இறங்கியது, சட்டி உள்ளே வந்தது, அதை வெளியே தூக்கி வைக்க அப்பா இல்லை. மேட்டுப்பாளையம் போனால் தெளிந்துவிடுகிறது, அதனால் கோளாறு வீட்டில்தான் என்கிறீர்கள். சரி, வீட்டில்தான். ஆனால் மேட்டுப்பாளையத்துச் சூட்டில் யாரும் தணல் வைத்துக்கொண்டு படுப்பதில்லை, அதையும் சேர்த்து யோசியுங்கள். காலையில் தலைவலி, குழந்தைகளுக்கு வாந்தி, ஒரே அறையில் படுத்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில். கூண்டுப் பறவைகள் முதலில் போய்விட்டன. இதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் சின்னப் பறவைகளைக் கூண்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மனிதனுக்குத் தெரியும்முன் அது சுருண்டு விழும், உடனே எல்லாரும் மேலே ஓடிவிட வேண்டும், அதற்காகத்தான்.

அது எதைக் காட்டிக் கொடுத்ததோ அதுதான் உங்கள் அறையிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கார்பன் மோனாக்சைடு. கரியோ விறகோ போதிய காற்று இல்லாமல் எரியும்போது வருகிற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றே அதில் நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள், இதில் அப்படிச் சேர்க்க ஆள் இல்லை. மூச்சில் போனதும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்கிறது. மூளைக்கும் நெஞ்சுக்கும் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனே கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? தலைவலி, குமட்டல், நெஞ்சுப் பாரம், காலில் பலமில்லாமை, மனக்குழப்பம், சிலருக்கு இல்லாத சத்தமும் உருவமும். அளவு கூடினால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை இந்த மலைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

நாங்கள் இருந்தது கோத்தகிரி பக்கம் ஒரு லைன் வீட்டில். மார்கழி ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விறகடுப்பிலிருந்து கங்கை வாரி இரும்புச் சட்டியில் போட்டு நடுவில் வைப்பார்கள், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். பாட்டி தூக்கம் வந்ததும் முதலில் செய்வது, ஈரச் சாக்கை இரண்டாக மடித்து அந்தச் சட்டியின் காதைப் பிடித்து, பலகைக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்து, வாசல் கல்லில் கொண்டுபோய் வைப்பது. கதவு திறந்ததும் பனி அப்படியே உள்ளே வரும், நாங்கள் கத்துவோம். கத்தினாலும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருப்பார். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தெரிந்திருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது, அவருடைய அம்மா செய்தார், இவரும் செய்தார். உங்கள் அப்பா செய்ததும் அதேதான். அவர் போனதோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது. அவர் ஆவியாக வந்து உங்களைப் படுத்துகிறார் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் ராத்திரி குளிரில் எழுந்துபோய் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

புகை அடங்கிய பிறகுதானே உள்ளே கொண்டுவருகிறோம் என்பீர்கள். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும், சிவந்து கனிந்து அமைதியாகக் கிடக்கிற கங்குதான் இந்த வாயுவைச் சத்தமில்லாமல் விடுவது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் போதும் என்பாரும் உண்டு. தண்ணீரில் இது கரைகிற அளவு ஒன்றுமே இல்லை.

இப்படிப் பேய் வீடு என்று நினைத்து வாயுவைக் கண்டுபிடித்த கதை மருத்துவப் பதிவிலேயே உண்டு. 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு கண் மருத்துவ இதழில் எழுதினார். ஒரு குடும்பம் 1912 நவம்பரில் பழைய பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபோனது. கொஞ்ச நாளில் தலைவலி, சோர்வு, குழந்தைகள் வெளிறிப் போனார்கள், தொட்டிச் செடிகள் வாடின, மாடியில் காலடிச் சத்தம், கறுப்புடையில் ஒரு பெண் உருவம். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்குகிற உலை பழுதாகி, புகைபோக்கிக்குப் போக வேண்டிய வாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்தார்கள், பேய் போய்விட்டது.

கூரைச் சத்தத்துக்கு மட்டும் வாயுவைக் குற்றம் சொல்லமாட்டேன், அது நிஜமாகவே இருக்கலாம். பகலெல்லாம் வெயிலில் விரிந்த தகரம் ராத்திரி உறைபனியில் சுருங்கும்போது டக் டக்கென்று அடிக்கும், ஆணி நெகிழ்ந்திருந்தால் வீடே அதிரும். நடப்பது போலக் கேட்டால் பெரும்பாலும் மரநாய். பூனையைவிடக் கனம், ராத்திரிதான் வேலை, கூரைக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவே குடியிருக்கும். பகலில் ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள், பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

நெஞ்சில் ஏறி அமுக்குவதை நம்மூரில் அமுக்குவான் என்பார்கள். கனவு வருகிற தூக்கத்தில் உடம்பை மூளை கட்டிப் போட்டுவிடும், இல்லாவிட்டால் கனவில் ஓடுவதை நிஜமாகவே ஓடிவிடுவோம். சில நேரம் மனம் முழித்துக்கொள்ளும், கட்டு அவிழ ஒன்றிரண்டு நிமிடம் பிந்தும். துக்கத்தில் தூக்கம் கெட்டவர்களுக்கு, மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வரும். பயமாக இருக்கும், ஆனால் அதனால் ஆபத்து இல்லை. வாயுவால் வருகிற நெஞ்சுப் பாரம் வேறு, சட்டியை நிறுத்திய பிறகும் எது மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

இனி அம்மா. அவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், அண்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 1971இல் ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு எழுதினார், கிட்டத்தட்டப் பாதிப் பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தேன், பார்த்தேன், குரல் கேட்டேன் என்று சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. சட்டியை எடுத்த பிறகும் அம்மா அப்பாவைப் பார்க்கலாம். பார்த்தால் பார்க்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள்.

அந்தச் சாமியார் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. பணத்தைவிட அவர் சொன்ன முறைதான் என்னை நடுங்க வைக்கிறது. சன்னலெல்லாம் அடைத்து, உள்ளே தணல் போட்டு, சாம்பிராணி, அதுவும் 48 நாள். முதல் ராத்திரியே ஒரு குழந்தையை இழந்தாலும் இழந்திருப்பீர்கள். அவரை வீட்டுப் படி ஏறவிடாதீர்கள். அப்பாவுக்கு உங்கள் வழக்கப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், பகலில், கதவைத் திறந்து வைத்து, தாராளமாகச் செய்யுங்கள்.

குழந்தைகளுக்கு மறுபடி தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் முதலில் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 108. ஆஸ்பத்திரியில் 'மூடிய அறையில் தணல் வைத்துப் படுத்தோம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டினால் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று கேட்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரம். வெளிக்காற்றில் நாலைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாக இறங்கிவிடும், மறுநாள் சாவகாசமாகப் போனால் ஒன்றும் தெரியாது.

வெந்நீருக்குக் குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தால் அதையும் ஆள் வைத்துப் பாருங்கள், அதுவும் இதே வாயுவை விடும். கணப்பில் மறுபடி தீ மூட்ட ஆசை இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் மூட்ட வேண்டாம், இத்தனை நாள் மூடிக் கிடந்ததில் பறவை கூடு கட்டி அடைத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, சாமியார் கேட்டதில் ஒரு சின்னப் பங்குதான் விலை, வாங்கி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அம்மாவுக்குக் குளிருக்கு வெந்நீர்ப் பை, இன்னொரு கம்பளி, சன்னல் ஒரு கை அகலம் திறந்து. முனகுவார். முனகட்டும்.

வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை மாசி தாண்டி, எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பேசிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், குழந்தைகளுக்கு வாந்தி நின்றதா என்று மட்டும்.